சத்தம் போடுகிற கடனை முதலில் கட்டாதீர்கள்: யாழ்ப்பாணக் குடும்பங்களுக்கு ஒரு கடன் வழிகாட்டி

வங்கியில் நகை, வாசலில் லீசிங் ஓட்டோ, கிழமைக்கு ஒருநாள் குழுக்கடன், மாதம் பிறந்தால் சீட்டு, இடையில் தெரிந்த ஒருவரிடம் ஐந்து வட்டிக்கு வாங்கிய காசு. யாழ்ப்பாணத்தில் ஒரு குடும்பம் கடன்பட்டிருக்கிறது என்றால் பெரும்பாலும் அது ஒரு கடனாக இருக்காது. ஐந்தாறு கடன் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். எங்கள் வீட்டில் அதை அவிழ்க்க வெளிக்கிட்டபோது எங்கே போவது, என்ன கடதாசி கேட்பார்கள், எதெதற்குக் காசு போகும் என்று ஒழுங்காகச் சொல்ல ஆள் இல்லை. ஆளுக்கொரு கதை சொன்னார்கள். பாதி பிழை. நீங்களும் அப்படி அலையாமல் இருக்கத்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு விடயத்தை முதலே சொல்லிவிடுகிறேன். வீட்டு வாசலில் வந்து சத்தம் போடுகிறவருக்கு முதலில் கட்டுவதுதான் எங்கள் வழக்கம். நாலு பேருக்குக் கேட்டுவிடும் என்ற பயம். சத்தம் கூடிய கடனுக்கு வட்டி குறைவாக இருக்கலாம். ஒரு சத்தமும் போடாமல் அலுமாரிக்குள் கிடக்கும் ஒரு கடன் துண்டு, மாதம் மாதம் உங்களைத் தின்றுகொண்டிருக்கலாம். கீழே வருகிற படிகள் எல்லாம் இந்த ஒழுங்கைத் திருப்பிப்போடுவதற்குத்தான்.

1. எல்லாத் துண்டையும் ஒரு மேசையில் போடுங்கள்

ஒரு ஞாயிறு பின்னேரம் கணவனும் மனைவியும், உழைக்கிற பிள்ளை இருந்தால் பிள்ளையும், சேர்ந்து இருங்கள். எடுக்க வேண்டியவை இவை: அடைவுத் துண்டுகள், லீசிங் ஒப்பந்தமும் கட்டிய றசீதுகளும், குழுக்கடன் புத்தகம், சீட்டுக் கொப்பி, வங்கிக் கடன் கடிதம், கிரெடிட் காட் கூற்று, தவணைக்கு எடுத்த குளிர்சாதனப் பெட்டி அல்லது கைத்தொலைபேசியின் அட்டை. சந்திக் கடையில் கொப்பிக் கணக்கு இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

துண்டே இல்லாத கடன்கள்தான் கரைச்சல். மச்சாளிடம் வாங்கிய கைமாற்று, தங்கச்சியின் காப்பை வாங்கி அடைவு வைத்தது, அண்ணை வெளிநாட்டிலிருந்து "பிறகு தாங்கோ" என்று அனுப்பியது. இவற்றையும் எழுதுங்கள். பிணை நின்றவற்றையும் எழுதுங்கள். எங்கள் ஊரில் ஆசிரியரும் அரச உத்தியோகத்தரும் ஆளாளுக்குப் பிணைக் கையெழுத்து வைத்துவிட்டு மறந்துபோவார்கள். கடன் எடுத்தவர் கட்டாமல் விட்டால் நிறுவனம் உங்களைத்தான் தேடி வரும்.

கொப்பியில் ஒவ்வொரு கடனுக்கும் ஐந்து நிரல் போடுங்கள்: யாருக்கு, மிச்ச முதல் எவ்வளவு, மாதம் எவ்வளவு கட்டுகிறோம், வட்டி எவ்வளவு, ஈடாக என்ன கொடுத்திருக்கிறோம். ஐந்தாவது நிரலை விட்டுவிடாதீர்கள். நகையா, காணி உறுதியா, வாகனமா, வெற்றுக் காசோலையா என்பதைப் பொறுத்துத்தான் பின்னால் வருகிற முடிவெல்லாம்.

மிச்ச முதலை நீங்களாகக் கணக்குப் பார்த்து எழுதாதீர்கள். கிளைக்குப் போய், "இண்டைக்கு முழுதாய் முடிக்கிறதெண்டால் எவ்வளவு?" என்று கேட்டுத் தாளில் வாங்குங்கள். வாயால் சொல்லும் தொகை கணக்கில் சேராது. ஒரு நிறுவனத்தில் எங்களுக்கு வாயால் ஒரு தொகை சொன்னார்கள். அடுத்த கிழமை காசோடு போனபோது, தாமதக் கட்டணம், அந்தக் கட்டணம், இந்தக் கட்டணம் என்று தொகை கூடிப்போயிருந்தது. திகதியும் கையெழுத்தும் உள்ள தாள் கையில் இருந்திருந்தால் அப்படிக் கூட்டியிருக்க முடியாது.

கணவன் மனைவிக்குத் தெரியாமலும் மனைவி கணவனுக்குத் தெரியாமலும் வாங்கிய கடன் இந்த மேசையில் வெளிவரும். வரட்டும். அன்றைக்குச் சண்டை பிடித்தாலும் பரவாயில்லை, கொப்பியை மட்டும் மூடாதீர்கள்.

2. எல்லா வட்டியையும் வருட வட்டியாக மாற்றுங்கள்

நீளமான படி இதுதான். அவசரப்படாமல் செய்யுங்கள். ஒவ்வொருவரும் ஒவ்வொரு பாஷையில் வட்டி சொல்வதால் எது மலிவு, எது விலை என்றே எங்களுக்குத் தெரிவதில்லை.

தனியாள் வட்டி: "மூன்று வட்டி" என்றால் நூறு ரூபாவுக்கு மாதம் 3 ரூபா. வருடத்துக்கு 36 வீதம். "ஐந்து வட்டி" 60 வீதம். "பத்து வட்டி" 120 வீதம். மீற்றர் வட்டி என்று நாள் கணக்கில் ஓடுவதை வருடக் கணக்கில் போட்டுப் பார்த்தால் நெஞ்சு அடைக்கும். ஆனாலும் போட்டுப் பாருங்கள்.

நேர் வட்டி: "20 வீதம்தான் அக்கா" என்று சொல்லி 1 இலட்சம் தருகிறார்கள், 12 மாதம், மாதம் 10,000. மொத்தம் 1 இலட்சத்து 20 ஆயிரம். சரிபோலத் தெரியும். ஆனால் ஆறாவது மாதம் உங்கள் கையில் இருப்பது 1 இலட்சம் இல்லை. பாதியைக் கட்டிவிட்டீர்கள், வட்டி மட்டும் முழு இலட்சத்துக்கும் எடுக்கிறார்கள். குறைந்து வரும் மீதிக்குக் கணக்குப் பார்த்தால் இது வருடத்துக்குச் சுமார் 35 வீதம். ஆகவே வீதத்தைக் கேட்கும்போது கூடவே, "நேர் வட்டியோ, குறைந்து வாற மீதிக்கோ?" என்றும் கேளுங்கள்.

குழுக்கடன்: 50,000 எடுத்து, கிழமைக்கு 1,250 வீதம் 50 கிழமை கட்டுகிறீர்கள் என்று வையுங்கள். மொத்தம் 62,500. 25 வீதம் போலத் தோன்றும். உண்மையில் ஏறக்குறைய 47 வீதம். இதில் ஆவணக் கட்டணம், காப்புறுதி என்று முன்னுக்கே கழித்திருந்தால் இன்னும் கூடும். கையில் வந்த தொகையை வைத்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும். புத்தகத்தில் எழுதிய தொகையை விடுங்கள்.

சீட்டு: ஏலச்சீட்டில் 2 இலட்சத்தை 1 இலட்சத்து 45 ஆயிரத்துக்குக் கழித்து எடுத்தால் அந்த 55,000 வட்டிதான். பிறகு மற்றவர்கள் கழித்து எடுக்கும்போது உங்களுக்கும் பங்கு வரும். அதைக் கழித்துப் பாருங்கள். முதல் மாதங்களில் அந்தரத்துக்கு எடுப்பவர்தான் நல்லாய் இழப்பார். கடைசிவரை பொறுத்திருப்பவருக்கு அது சேமிப்பு. ஆக, ஒரே சீட்டு ஒரு வீட்டுக்குச் சேமிப்பும் அடுத்த வீட்டுக்குக் கடனும்.

அடைவு: வங்கியில் வருட வட்டியாகவே சொல்வார்கள். தனியார் அடைவு கடையில் மாத வட்டியாகச் சொல்வார்கள். அதைப் பன்னிரண்டால் பெருக்குங்கள்.

இந்த ஐந்தும் முடிந்ததும் கொப்பியை வட்டி கூடியதிலிருந்து குறைந்ததுக்கு மாற்றி எழுதுங்கள். எந்தக் கடன் மேலே வருகிறது என்று பார்க்கும்போது பல வீடுகளில் ஆச்சரியப்படுவார்கள்.

3. உங்கள் கிரிப் அறிக்கையை எடுங்கள்

இலங்கை கொடுகடன் தகவல் பணியகம் என்பதைத்தான் எல்லோரும் "கிரிப்" என்கிறார்கள். 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் உருவானது. வங்கியும் நிதி நிறுவனமும் லீசிங் கொம்பனியும் உங்கள் கடன் விபரத்தை அங்கே அனுப்புகின்றன. உங்கள் பெயரில் என்ன கிடக்கிறது என்று நீங்களே அறிக்கை எடுத்துப் பார்க்கலாம். பணியகத்துக்கு நேரடியாக விண்ணப்பிக்கலாம், வங்கிக் கிளை வழியாகவும் கேட்கலாம். அடையாள அட்டை வேண்டும், சிறு கட்டணம் உண்டு.

"கிரிப்பில பேர் விழுந்திட்டுது, இனி ஒரு இடமும் கடன் தராங்கள்" என்று பயமுறுத்துவார்கள். கிரிப் கறுப்புப் பட்டியல் வைப்பதில்லை. எடுத்தது, கட்டியது, பிந்தியது எல்லாவற்றையும் அது காட்டும். கடன் தருவதா இல்லையா என்ற முடிவு வங்கியுடையது. பெயரை அழித்துத் தருகிறேன் என்று காசு கேட்கும் தரகரிடம் ஒரு சதமும் கொடுக்காதீர்கள். அறிக்கையில் பிழை இருந்தால் அந்த விபரத்தை அனுப்பிய நிறுவனத்துக்கு எழுதித் திருத்த வேண்டும். பிணை நின்றவையும் இதில் தெரியும் என்பதால் 1ஆம் படியில் மறந்துபோனவை இங்கே அகப்படும்.

4. கட்டும் ஒழுங்கைத் தீர்மானியுங்கள்

சாப்பாடு, கரண்ட், பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவு, மருந்து. இவற்றுக்கு ஒதுக்கிய பிறகு மிஞ்சுவதுதான் கடனுக்கு. இந்தச் செலவுகளை உண்மையாக எழுதுங்கள். "எப்படியும் சமாளிப்பம்" என்று குறைத்து எழுதினால் மாதம் 20ஆம் திகதி திரும்பவும் கைமாற்று.

பிறகு எல்லாக் கடனுக்கும் குறைந்தபட்சத் தவணையைக் கட்டுங்கள். மிஞ்சும் ஒவ்வொரு ரூபாவும் பட்டியலில் மேலே நிற்கும் ஒரே கடனுக்குப் போகட்டும். அது முடிந்ததும் அதற்குக் கட்டிய தொகை முழுவதும் அடுத்ததற்கு. எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துச் சமாதானப்படுத்தினால் ஒன்றும் முடியாது.

இரண்டு விதிவிலக்கு. உழைக்கும் வாகனம் பறிபோகும் நிலையில் இருந்தாலோ குடியிருக்கும் வீடு ஏலத்துக்குப் போகும் நிலையில் இருந்தாலோ வட்டி குறைவாக இருந்தாலும் அது முன்னுக்கு வரும். காணியை ஈடு வைத்த வங்கிக் கடனில் வரும் கடிதத்தைப் பிரிக்காமல் வைக்காதீர்கள். 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டப்படி, வழக்கில்லாமலே ஏலம்விடும் அதிகாரம் (சனம் பராட்டே என்று சொல்வது) வங்கிகளுக்கு உண்டு. எந்தத் தொகைக்கு, எந்த நிலையில் அது பொருந்தும் என்பதைச் சட்டத்தரணியிடம் கடிதத்தோடு போய்க் கேளுங்கள்.

குழுக்கடனில் சத்தம் கூட. நீங்கள் கட்டாவிட்டால் குழுவில் உள்ள மற்றப் பெண்கள் கட்ட வேண்டும், ஆகவே கொம்பனிக்காரரைவிட அயலவர்தான் முதலில் முகம் சுளிப்பார்கள். இதற்கு நான் கண்ட வழி, பிந்துகிற கிழமைக்கு முதலே குழுத் தலைவியிடம் போய் எவ்வளவு கட்டமுடியும் என்று சொல்லிவிடுவதுதான். வசூலிக்க வருபவர் இரவுவரை வீட்டில் குந்தியிருக்க உரிமை இல்லை. வெளியே போகச் சொல்லலாம். மிரட்டினால் பொலிஸில் முறைப்பாடு கொடுத்து அதன் இலக்கத்தை வாங்கி வையுங்கள். ஒரு குழுக்கடனைக் கட்ட இன்னொரு கொம்பனியின் குழுக்கடனை எடுக்கச் சொல்வார்கள், சில இடத்தில் கூட்டிக்கொண்டே போவார்கள். அதற்கு மட்டும் மறுத்துவிடுங்கள்.

5. நகை: மாற்றுவதா, மீட்பதா, விற்பதா

இதில்தான் எங்கள் சனத்துக்கு மனம் இடங்கொடாது. நகை வங்கியில் கிடந்தால் பாதுகாப்பாகக் கிடக்கிறது என்ற எண்ணம். கலியாணவீட்டுக்குக் கவரிங் போட்டுக்கொண்டு போய், கழுத்தைப் பார்க்கிறவர்களுக்குச் சேலைத் தலைப்பை இழுத்துவிடும் அக்காமார் எத்தனை பேர். வங்கியில் கிடக்கும் பதினொரு பவுண் தாலிக்கொடிக்கு ஒவ்வொரு வருடமும் வட்டி கட்டித் துண்டை மாற்றுவார்கள். வாங்கிய முதல் தொகையில் ஒரு ரூபாவும் குறையாது.

மாற்றுவது: வீட்டில் சும்மா கிடக்கும் நகை இருந்து, வெளியே ஐந்து வட்டிக் கடனும் இருந்தால், நகையை வங்கியில் வைத்து அந்தக் கடனை அடைத்துவிடுங்கள். 3 இலட்சத்துக்கு ஐந்து வட்டி மாதம் 15,000. வங்கி அடைவு வட்டி வருடம் 15 வீதம் என்று வைத்தால் மாதம் 3,750. மிஞ்சும் 11,250 ரூபாவை அடைவின் முதலுக்கே கட்டுங்கள். அதைச் செலவுக்கு எடுத்தால் மாற்றியதில் பிரயோசனம் இல்லை. வங்கியில் அடைவை இடையிடையே பகுதி பகுதியாகவும் கட்டலாமா என்று வைக்கும்போதே கேளுங்கள்.

அடைவுக்குப் போகும்போது அடையாள அட்டை போதும், நகை உங்களுடையது என்று கையெழுத்து வைக்க வேண்டும். நேரம் அரைமணிதான், ஆனால் மாதக் கடைசியிலும் ஆவணியில் நல்லூர்த் திருவிழாக் காலத்திலும் ஆஸ்பத்திரி வீதி வங்கிகளில் வரிசை நீளம். துண்டில் நிறை, கரட், வட்டி, தவணை முடியும் திகதி நாலையும் சரிபார்த்துவிட்டு வெளியே வாருங்கள். தவணை முடியும் திகதியைக் கலண்டரில் ஒரு மாதம் முன்னுக்குக் குறியுங்கள். ஏல அறிவித்தல் பழைய விலாசத்துக்குப் போனதால் நகை போன வீடுகள் உண்டு, ஆகவே விலாசம் மாறினால் கிளைக்கு எழுதிக்கொடுங்கள். தனியார் கடையில் வைப்பதென்றால் அடைவு பிடிக்கும் அனுமதிப்பத்திரம் சுவரில் தொங்குகிறதா என்று பாருங்கள்.

விற்பது: துண்டைக் கையில் எடுத்து, இதுவரை கட்டிய வட்டியைக் கூட்டுங்கள். அடுத்த இரண்டு வருடத்தில் மீட்க உண்மையில் வழி இருக்கிறதா? இல்லையென்றால் விற்பதுதான் நட்டம் குறைந்த வழி என்பது என் அபிப்பிராயம். தங்கம் விலை ஏறும் என்று வைத்திருப்பவர்கள், ஏற்றத்தையும் வட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்கட்டும். கஸ்தூரியார் வீதியில் மூன்று கடையிலாவது விலை கேளுங்கள். 1 பவுண் 8 கிராம். வாங்கும்போது கொடுத்த கூலியும் சேதாரமும் திரும்ப வராது, கல்லின் நிறையைக் கழிப்பார்கள். பழைய பில் இருந்தால் கொண்டுபோங்கள். அம்மம்மாவின் அட்டியலை விட்டுவிட்டு, பிள்ளையின் பிறந்தநாளுக்கு வந்த மோதிரங்களையும் அறுந்த சங்கிலிகளையும் முதலில் கொடுங்கள்.

வங்கியில் கிடக்கும் நகையை மீட்டு வாங்குகிறோம் என்று விளம்பரம் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் காசோடு உங்களுடன் வங்கிக்கு வந்து, மீட்ட நகையை உங்கள் முன்னாலேயே நிறுத்து, மிச்சக் காசை அங்கேயே தரவேண்டும். துண்டை மட்டும் வாங்கிக்கொண்டு "நாளைக்கு வாறம்" என்றால் கொடுக்காதீர்கள்.

6. வங்கியிலும் நிறுவனத்திலும் போய்க் கதையுங்கள்

மூன்று தவணை பிந்தும்வரை காத்திருக்காதீர்கள். கட்டாத நாள் 90ஐத் தாண்டினால் அது செயற்படாக் கடன், அதாவது ஒழுங்காகக் கட்டப்படாத கடன், என்று பதிவாகிவிடும், பிறகு கிளை முகாமையாளரின் கையில் அதிகம் இராது. முதல் தவணை தவறப்போகிறது என்று தெரிந்த உடனேயே போங்கள்.

கொண்டுபோக வேண்டியவை: அடையாள அட்டை, கடன் கணக்கு இலக்கம், கடைசி ஆறு மாத வங்கிக் கூற்று அல்லது சம்பளச் சீட்டு, வருமானம் குறைந்ததற்கு ஆதாரம் (வேலையிலிருந்து நிறுத்திய கடிதம், மருத்துவச் சான்று, மழையில் வெங்காயம் அழிந்ததென்றால் கிராம சேவகரின் கடிதம்), பிறகு 1ஆம் படியில் எழுதிய கொப்பி. கிராம சேவகர் கடிதத்தைச் சில இடங்களில் பிரதேச செயலகத்தின் மேலொப்பத்தோடு கேட்பார்கள். அவர் கந்தோரில் இருக்கும் நாளை விசாரித்துவிட்டுப் போங்கள்.

கோரிக்கையைக் கடிதமாக எழுதி இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் திகதி முத்திரை அடித்து வாங்குங்கள். "உதவி செய்யுங்கோ" என்று எழுதினால் காணாது. "மாதம் 22,000 கட்ட இயலாது, 12,000 கட்டலாம், அதற்கேற்றபடி தவணைக் காலத்தை மாற்றித் தாருங்கள்" என்று இலக்கத்தோடு எழுதுங்கள். பதில் வரும்வரை அந்த 12,000 ரூபாவைக் கட்டிக்கொண்டிருங்கள்.

பொறி இங்கேயும் உண்டு. கட்டாத வட்டியை முதலோடு சேர்த்து, புதுக் கடனாக எழுதி, புது ஆவணக் கட்டணம், புதுக் காப்புறுதி என்று கூட்டுவார்கள். மாதத் தவணை குறைந்த சந்தோசத்தில் கையெழுத்து வைப்போம். வைக்க முதல், கடைசிவரை மொத்தம் எவ்வளவு கட்டுவேன் என்று கேளுங்கள். விளங்காத பாஷையில் உள்ள தாளில் கையெழுத்து வையாதீர்கள். தமிழில் கேளுங்கள், வீட்டுக்குக் கொண்டுபோய் வாசிக்க ஒருநாள் கேளுங்கள்.

கிளையில் காரியம் ஆகாவிட்டால் தலைமைக் காரியாலயத்தின் முறைப்பாட்டுப் பிரிவுக்கு எழுத வேண்டும். அதிலும் பதில் இல்லையென்றால் மத்திய வங்கியின் நிதி வாடிக்கையாளர் தொடர்புப் பிரிவை 1935 என்ற இலக்கத்தில் அழைக்கலாம், வங்கி, நிதி நிறுவன முறைப்பாடுகளை விசாரிக்கும் நிதி ஒம்புட்ஸ்மனுக்கும் எழுதலாம். இரண்டு இடத்திலும் முதல் கேள்வி, "நிறுவனத்துக்கு எழுத்தில் கொடுத்தீங்களோ?" என்பதாகத்தான் இருக்கும். முத்திரை அடித்த அந்தப் பிரதி அப்போது கைகொடுக்கும்.

அரச உத்தியோகத்தர் வீட்டில் இருந்தால், அவர்களுக்குக் குறைந்த வட்டியில் கொடுக்கும் இடர்கடன் கிடைக்குமா என்று கந்தோரில் கேளுங்கள். 4.2 வீத வட்டிக்கு வெளியே எங்கேயும் காசு கிடையாது. கூடிய வட்டிக் கடனை அடைக்க மட்டும் எடுங்கள்.

7. லீசிங் வாகனம்

கட்ட முடியாமல் போனால் மூன்று வழி தெரியும்: பறிக்கும்வரை ஒளித்து வைப்பது, கொம்பனியிடம் கொண்டுபோய் விடுவது, நீங்களே விற்பது. மூன்றாவதுதான் நல்லது. பறித்த வாகனத்தை அவர்கள் விற்கும் விலை கடனை மூடாவிட்டால் மிச்சம் உங்கள் தலையில்தான். திறப்பைக் கொடுத்துவிட்டால் கணக்கு முடிந்தது என்று நினைத்தவர்களுக்குப் பிறகு கடிதம் வந்திருக்கிறது. முடிக்கும் தொகையைத் தாளில் எடுத்து, வாங்குபவரைக் கூட்டிக்கொண்டு கொம்பனிக்கே போய் அங்கேயே முடியுங்கள்.

"தம்பி, வண்டியைத் தா, மிச்சத் தவணையை நான் கட்டுறன்" என்று தெரிந்தவர் கேட்டால் வாய்ப்பேச்சில் கொடுக்காதீர்கள். அவர் கட்டாவிட்டால் கிரிப்பில் உங்கள் பெயர், விபத்து நடந்தால் பொலிஸ் வருவதும் உங்களிடம்.

8. தனியாளிடம் வட்டிக்கு வாங்கியது

கொடுத்திருக்கும் கடதாசியில்தான் ஆபத்து. வெற்று நோட்டில் (கடனைத் திருப்பித் தருவேன் என்று எழுதும் வாக்குறுதித் தாளில்) கையெழுத்து, தொகை எழுதாத காசோலை, காணி உறுதி. 1918ஆம் ஆண்டின் காசுக்கடன் கட்டளைச் சட்டப்படி நோட்டில் உண்மையாக வாங்கிய முதல், முன்னுக்கே கழித்த வட்டி, வட்டி வீதம் என்பன எழுதியிருக்க வேண்டும். வெற்று நோட்டு வாங்கிய வட்டிக்காரரும் அதனால் பலமான நிலையில் இல்லை. இதைச் சண்டைக்குப் பாவிக்காமல் பேச்சுக்குப் பாவியுங்கள். காசோலை வேறு கதை. கணக்கில் காசில்லாமல் திரும்பினால் குற்றவியல் வழக்குவரை போகலாம். ஆகவே முதலில் மீட்க வேண்டிய கடதாசி காசோலைதான்.

இனிமேல் கட்டும் ஒவ்வொரு தடவையும் றசீது கேளுங்கள். தராவிட்டால் வங்கிக் கணக்குக்கு அனுப்புங்கள், கையில் கொடுக்காதீர்கள். முதலைவிடக் கூடுதலாக வட்டி கட்டிவிட்டீர்கள் என்றால் ஊரில் மதிப்புள்ள ஒருவரை வைத்து, முதலை மட்டும் தவணையாகக் கட்ட இணங்கும்படி கேட்கலாம். பலர் இணங்குகிறார்கள். இணங்காவிட்டால், வழக்கில்லாமல் பிணக்கைப் பேசித் தீர்க்கும் மத்தியஸ்த சபை உண்டு. செலவு இல்லையென்றே சொல்லலாம், இணக்கம் எழுத்தில் வரும். வருமானம் குறைந்தவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையத்தில் இலவசமாக ஆலோசனை கேட்கலாம்.

காணியை ஈடு வைத்திருந்தால் உறுதியை எடுத்து வாசியுங்கள். ஈடா, ஒற்றியா, அல்லது "கடனுக்குத்தான், ஒரு பேச்சுக்கு" என்று சொல்லி எழுதிய அறுதியா? அறுதி எழுதிக்கொடுத்திருந்தால் சட்டத்தின் பார்வையில் அது விற்பனை. உடனே சட்டத்தரணியிடம் போங்கள். நிபந்தனையோடு (காசைக் கட்டினால் காணி திரும்பும் என்று) எழுதிய காணிக் கைமாற்றத்துக்கும் ஈட்டுக்கும் 1941ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தின்கீழ் கடன் இணக்கச் சபை இருக்கிறது. நிபந்தனைக் காலம் முடிய முன்னம் விண்ணப்பிக்க வேண்டும், முடிந்தபின் அழுது பயனில்லை.

9. காணி விற்றுக் கட்டுவதென்றால்

ஒரு மாதத்தில் முடியும் என்று கணக்குப் போடாதீர்கள். யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்டவர்கள் என்றால், மனைவியின் சீதனக் காணியை விற்கக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். பங்குக் காணியென்றால் பங்காளிகளுக்கும் உரித்தாளிகளுக்கும் முன்விலைக் கொள்வனவு உரிமை (வெளியாருக்கு முதல் தாங்கள் வாங்கும் உரிமை) உண்டு, அவர்களுக்கு அறிவிக்காமல் விற்றால் பின்னால் வழக்கு. பங்காளி கனடாவில் இருந்தால், அவருக்காக இங்கே கையெழுத்து வைக்க அதிகாரம் கொடுக்கும் அற்றோணித் தத்துவம் வர வேண்டும். அதற்கே காலம் போகும்.

கடதாசி: தாய் உறுதி, நில அளவை வரைபடம், காணிப் பதிவக இடாப்புப் பிரதி, ஆதன வரி றசீது. முத்திரைத் தீர்வை முதல் 1 இலட்சத்துக்கு 3 வீதம், மிகுதிக்கு 4 வீதம். வழக்கமாக வாங்குபவர் கட்டுவார். தரகர் காசை முன்னுக்கே பேசி முடியுங்கள். அந்தரத்தில் நிற்கிறீர்கள் என்று தரகருக்குத் தெரியவந்தால் பரப்புக்கு விலை இறங்கும், ஆகவே கடன் கதையை அவரிடம் சொல்லாதீர்கள்.

10. புதுக் கடன் வரும் வாசலை மூடுங்கள்

பழையதைக் கட்டும்போதே சாமத்தியவீடு வரும். மண்டபம், வீடியோ, மூன்று உடுப்பு மாற்று, பந்தியில் பதினைந்து கறி. "ஒரு பிள்ளைதானே" என்று தொடங்கி வட்டிக் காசில் முடியும். வருகிற அன்பளிப்பில் செலவு வந்துவிடும் என்று கணக்குப் போடுகிறார்கள். வருவதெல்லாம் பின்னால் திருப்பிக் கொடுக்க வேண்டிய காசு என்பதை அந்தக் கணக்கில் எழுதுவதில்லை. கடன் முடியும்வரை வீட்டளவில் செய்யுங்கள். கதைப்பவர்கள் மண்டபத்தில் செய்தாலும் கதைப்பார்கள்.

அண்ணையோ அக்காவோ வெளியிலிருந்து அனுப்பும் காசை மாதச் சம்பளமாக நினைத்துத் தவணை எடுக்காதீர்கள். அங்கே அவர்களுக்கும் வீட்டுக் கடன் இருக்கும். உதவி கேட்பதென்றால் கொப்பியைப் படமெடுத்து அனுப்பி, "இந்த ஒரு கடனை மட்டும் முடிச்சு விடுங்கோ அண்ணை" என்று கேளுங்கள். எதற்கென்று தெரியாமல் மாதம் மாதம் அனுப்புவதைவிட அவர்களுக்கும் அது திருப்தி.

தையில் பள்ளிக்கூடக் கொப்பி, சப்பாத்து, ஆவணியில் நல்லூர், ஐப்பசியில் தீபாவளி. வருடா வருடம் வரும் செலவு திடீர்ச் செலவாகாது. மொத்தத்தைப் பன்னிரண்டால் பிரித்து ஊரிலுள்ள சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கத்தில் போடுங்கள். அங்கே சேமித்த உறுப்பினருக்குப் பின்னால் நியாயமான வட்டிக்குக் கடனும் கிடைக்கும்.

11. கட்டி முடித்த அன்றைக்கு வாங்க வேண்டியவை

சனம் அவசரத்தில் விட்டுவிட்டு வருவது இதைத்தான். கடன் முடிந்ததென்ற கடிதம், முகாமையாளரின் கையெழுத்தோடு. கொடுத்த வெற்றுக் காசோலைகளும் நோட்டும், எண்ணிப் பார்த்து. காணி ஈடாயிருந்தால் ஈடு விடுவிப்பு உறுதி எழுதி, அதைக் காணிப் பதிவகத்தில் பதிய வேண்டும். நொத்தாரிசுக்குக் காசு போகும், ஆனாலும் பதியாவிட்டால் காணி ஈட்டிலேயே கிடப்பதாகத்தான் காட்டும். வாகனமென்றால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கொம்பனியின் பெயரை நீக்கிப் பதிவுப் புத்தகத்தை வாங்குங்கள். பிணை நின்றவருக்குக் கடிதத்தின் ஒரு பிரதியைக் கொடுங்கள். ஓரிரு மாதம் கழித்துக் கிரிப் அறிக்கையைத் திரும்ப எடுத்து, அந்தக் கடன் முடிந்ததாகக் காட்டுகிறதா என்று பாருங்கள். காட்டாவிட்டால் கடிதத்தின் போட்டோக்கொப்பியோடு அதே கிளைக்குப் போங்கள்.